கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை அம்மா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, பாதியில் அழுது, மீதியை என் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் தையற்காரர் அவர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் செயலாளர் அவர்களின் ஒரே மகளே! இருபத்தாறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைத் தியாகம் செய்து இந்த மாடிக்கு ஏறி வந்த ரசிகப் பெருமக்களே! இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மன்றத்தில் நான் வாய் திறக்காத ஞாயிறு கிடையாது. அடுத்தவர் பேசும்போதும் பேசியிருக்கிறேன். இன்றைக்குத்தான் கூப்பிட்ட பிறகும் எழுந்து வர யோசித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைச் சமயம் பார்த்து மிதிப்பது என் பிழைப்பு. யார் எதைப் பேசினாலும் குறுக்கே விழுந்து நிறுத்திவிடுவேன் என்பதால், செயலாளர் அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'பிரேக்'. என் வீட்டுக்காரியே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் 'மறைந்தவரின் நெருங்கிய நண்பர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தகுதி உண்டா? நான் பேசி முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

என் சட்டைப்பையில் ஒரு உறை இருக்கிறது. அதற்குள் செயலாளர் அவர்களின் அட்டை இருக்கிறது. நம் விதிப்படி இந்த அட்டை இந்தச் சுவரில் ஏற முடியாது. ஏற வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்களை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

யார் அவர்? முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வரைபடத்தை விரித்து வைத்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்களாம். இவர் போனார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கதவில் காதை வைத்தார். "ஒரு தடவை பட்டனை அழுத்துங்கம்மா" என்று உள்ளே இருந்த அம்மாவிடம் சொன்னார். ஒரே ஒரு சத்தம். "மேல ரெண்டாவது ரோலர்" என்றார். போய்ப் பார்த்தால் அதேதான்! பத்து நிமிடத்தில் ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவருடைய காதைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமை பேசியவன் நான். அந்தக் காதை நம்பித்தான் அவர் கடைசிக் காலத்தில் இங்கே வந்துபோனார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு வருகிறேன்.

இந்த அறையை உண்டாக்கியவர் அவர். கீழே மெத்தைக் கடை. மாடி சும்மா கிடந்தது. கடைக்காரரிடம் போய், "உங்க சரக்கு லிஃப்ட்டை ஆயுசுக்கும் நான் பார்த்துக்கறேன், ஞாயித்துக்கிழமை மட்டும் மாடியைக் குடுங்க" என்றார். வெட்டி மிஞ்சிய மெத்தைத் துண்டுகளைச் சுவரில் ஒட்டி எதிரொலியை நிறுத்தினார். எதிர்ச் சுவருக்கு வெள்ளையடித்துத் திரையாக்கினார். முப்பத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. காலை பத்து மணிக்குக் கதவு சாத்தினால் சாத்தினதுதான். தலைவர் அம்மாவே ஒருமுறை நான்கு நிமிடம் தாமதமாக வந்து, முழுப் படத்துக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா, மறந்துவிட்டீர்களா? மறந்திருக்கமாட்டீர்கள்.

படம் ஓடும்போது யாராவது கிசுகிசுத்தால் பின்வரிசையிலிருந்து "உஷ்" என்று ஒரு சத்தம் வரும். அந்த 'உஷ்'ஷுக்குப் பயப்படாதவர் இங்கே யார் இருக்கிறார்கள்?

இதோ இந்தச் சுவரைப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் ஆணி, ஓர் அட்டை. அட்டையில் பத்துப் படம். நம் வாழ்நாளில் நாம் பார்த்த படங்களிலேயே, எக்காலத்துக்கும் சிறந்தவை என்று நாம் நினைக்கும் பத்து. தலைவர் அம்மாவின் அட்டை இருபத்தாறு ஆண்டுகளாக மாறவில்லை. தையற்காரர் மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றிவிட்டு, ஏதோ ஆட்சியே மாறிவிட்டதுபோல எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வார். எத்தனை சண்டை! என் இரண்டாவது படத்தை 'அழுமூஞ்சிப் படம்' என்று சொன்ன ஒருவரோடு நான் ஒன்றரை வருடம் பேசவில்லை. அவர் என் மைத்துனர்.

படங்களை நாம் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரு காட்சியைச் சொல்லித்தான் அழைப்போம். குடைப் படம், கிணற்றுப் படம், மாடிப்படிச் சண்டைப் படம். அந்தப் பழக்கமும் அவர் போட்டதுதான். "பேரைச் சொன்னா போஸ்டர்தான் ஞாபகம் வரும். காட்சியைச் சொன்னாத்தான் படம் ஞாபகம் வரும்" என்பார்.

மன்ற நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய விதி உங்களுக்குத் தெரியும். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை பார்க்காத படம் அட்டையில் ஏறாது. பார்க்காத படத்தைப் பார்த்ததாகப் பேசுபவருக்கு மன்றத்தில் இடமில்லை. இந்த இரண்டே விதி. வேறு எந்தக் குற்றத்துக்கும் இங்கே தண்டனை கிடையாது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. நம்மில் ஒருவர் மறைந்தால், இரங்கல் கூட்டத்தில் அவர் அட்டையைப் படித்து, முதல் இடத்தில் இருக்கும் படத்தைத் திரையிடுவோம். இதுவரை ஏழு பேரை அப்படி வழியனுப்பியிருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் நினைவிருக்கிறதா? வாழ்நாளில் ஒருமுறையாவது சிரித்தாரா அந்த மனிதர்? அவருடைய முதல் படம், ஆள்மாறாட்டத்தில் ஒருவன் மூன்று வீட்டு மாப்பிள்ளையாகிவிடும் கூத்து! இரங்கல் கூட்டத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இந்த மனுஷனுக்குள்ள இது இருந்துதா?" என்றார். அப்படி ஒரு அருமையான வழக்கம் இது.

இன்றைக்கு எட்டாவது ஆள். அதை ஆரம்பித்து வைத்தவர். ஆனால் பாருங்கள், சுவரில் அவர் ஆணி வெறுமனே நிற்கிறது. அட்டை எங்கே? யார் எடுத்தது?

நான்தான் எடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால், இந்தக் கையால் எடுத்தேன்.

அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தின வாரம் குடைப் படம் பார்த்தோம். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஒருத்தி ஸ்டூடியோக்காரனோடு சண்டை போட்டுவிட்டுக் குடையை மறந்து போய்விடுகிறாள். மழை பெய்கிறது. செருப்புச் சத்தம் கேட்கிறது. ஒருத்தி வந்து குடையை எடுத்துக்கொண்டு போகிறாள். வசனமே இல்லை. அந்தக் காட்சியைப் பற்றி நம் செயலாளர் எழுந்து பேசினார்.

"அவ திரும்பி வந்து குடையை எடுக்கறா பாருங்க. ஒரு வார்த்தை பேசல. ஆனா அவனை மன்னிச்சிட்டான்னு நமக்குத் தெரிஞ்சுடுது. என் அட்டையில இந்தப் படத்தை ஏத்தலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

நான் விடுவேனா? எழுந்துவிட்டேன்.

"அண்ணே, வந்தது அவ இல்ல. அவ தங்கச்சி. மன்னிக்காததாலதான் தங்கச்சியை அனுப்பறா. படமே அதுதான்! நீங்க படத்தைப் பார்த்தீங்களா, இல்ல இங்க உட்கார்ந்து தூங்கிட்டு, யாராவது எழுதினதைப் படிச்சிட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பு கிடைத்ததும் எனக்குக் குளிர்விட்டுப்போயிற்று.

"தங்கச்சி போட்டிருந்த சட்டை என்ன கலர், சொல்லுங்க பார்ப்போம்?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா போட்டிருந்தது?"

இரண்டு கையாலும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை அப்போது. தலைவர் அம்மா "போதும், உட்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. ஊரார் மிதிக்க வேண்டிய நேரத்திலெல்லாம் பிரேக்கை மிதிப்பவன், என் வாய்க்கு ஒரு பிரேக் போடத் தெரியாமல், "பார்க்காத படத்தைப் பத்திப் பேசறவங்களுக்கு இங்க இடமில்லைன்னு எழுதினதே நீங்கதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா. நான்தான் எழுதினேன்" என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை, விளக்கமில்லை. பையிலிருந்து மன்ற நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அதன்மேல் கதவுச் சாவியை வைத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். 'ரோஷத்தைப் பாரு' என்று நினைத்தேன். பிறகு, விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே என்று பெரிய நியாயவான்போல எழுந்து போய் அவர் அட்டையை ஆணியிலிருந்து உருவினேன். உங்களில் யாரும் தடுக்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

பிறகு எட்டு மாதம். மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று இரண்டு முறை அவர் தெருமுனை வரை போனேன். ஒருமுறை அவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். நேராக என்னைப் பார்த்தபடி நின்றார். நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. 'இவ்வளவு வன்மமா?' என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி. புதன்கிழமை காலை அவர் இல்லை.

வழக்கப்படி திரையிட வேண்டுமே என்று தலைவர் அம்மா அவருடைய மகளுக்குப் போன் செய்து, "அப்பா அட்டை ஏதாவது எழுதி வெச்சிருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். முந்தாநாள் காலை, அந்தப் பெண் என் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போகிற வழியில் வந்தவள், உட்காரக்கூட இல்லை.

"சித்தப்பா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும்" என்றாள். "அப்பாவுக்கு மூணு வருஷமா கண்ணு போயிட்டு இருந்துது. கடைசி ரெண்டு வருஷம் நடுவுல ஒண்ணுமே தெரியாது. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அதை வெச்சுத்தான் நடந்தார். ஆளை அடையாளம் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சு."

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை விற்றார். 'மூட்டு வலி' என்றார், நம்பினேன். சாலையில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன், நம்பினேன்! படியேறும்போது என் தோளில் கைபோட்டுக்கொள்வார். பாசம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். பின்வரிசையிலிருந்து எழுந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டோமா? நோட்டில் எழுத்து அழகாகிவிட்டது. "கை நடுங்குது, மக எழுதறா" என்றார். தலையாட்டினோம். கீழே எழுத்து ஓடும் வெளிநாட்டுப் படங்களுக்காக உயிரை விடுகிற மனிதர், இரண்டு வருடமாக நமக்கு வசனம் புரியும் படங்களாகவே தேர்ந்தெடுத்தார். 'வயசாயிடுச்சு, ரசனை இறங்கிடுச்சு' என்று இந்த வாய்தான் கேலி பேசியது. ஒவ்வொருவரையும் எழுப்பி, "அந்தக் காட்சியைச் சொல்லு, இன்னும் கொஞ்சம் சொல்லு, அவ கையில என்ன இருந்துது?" என்று கேட்பாரே. பரீட்சை வைக்கிறார் என்று முனகினோம். அவர் நம் வாயால் படம் பார்த்துக்கொண்டிருந்தார், தோழர்களே!

நேற்று சாயங்காலம் குடைப் படத்தைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தங்கை வருகிறாள் அல்லவா? அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறாள். காதுக்கு அதே நடை, அதே சத்தம். லிஃப்ட் கதவில் காதை வைத்து ரோலரைச் சொன்னவருக்கு அன்றைக்குக் காது பொய் சொல்லவில்லை. படம்தான் அப்படி. நானாக இருந்தாலும் அக்காதான் வந்தாள் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேன் சித்தப்பா. 'சொன்னா எல்லாரும் எனக்குப் படத்தை விளக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் ஒருத்தனும் படம் பார்க்கமாட்டான்'னார்."

இதுதான் அவர்! கண் போன நிலையிலும் நம் காட்சி கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தவர். இப்படிப்பட்டவரைத்தான் நான் சட்டைக் கலர் கேட்டேன்.

இதோடு முடிந்திருந்தால், ஒரு மன்னிப்போடு இறங்கிப் போயிருப்பேன். முடியவில்லை. அந்தப் பெண் இந்த உறையை என் மேஜையில் வைத்தாள். இவர் இங்கிருந்து போன பிறகு, மகளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்த அட்டை. பத்துப் படம். ஒன்பது நமக்குத் தெரிந்தவை. முதல் இடத்தில் இருப்பதைப் படிக்கிறேன். அப்படியே எழுதியிருப்பதைப் படிக்கிறேன்.

'ஒன்று. ரயில்வே கேட் படம். பிரேக் சொன்ன முடிவோடு.'

உங்களில் பலருக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால், வெளியூரில் நடந்த ஒரு திரைப்பட விழாவில் நான் மட்டும் பார்த்துவிட்டு வந்த படம். ஒரே ஒரு முறைதான் போட்டார்கள். அப்போது வேறு எங்கும் கிடைக்காது. தம்பி ரயில்வே கேட் காவலன். அண்ணன் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தினமும் பஸ் வந்து கேட்டில் நிற்கும். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வார்கள், ரயில் போகும், கேட் திறக்கும், பஸ் போய்விடும். அண்ணன் ஓய்வுபெறும் நாள் வருகிறது. கடைசி முறையாகப் பஸ் வந்து கேட்டில் நிற்கிறது.

இங்கே இந்த இடத்தில் நின்று அதைச் சொன்னேன். ரயில் போய்விடுகிறது, தம்பி கேட்டைத் திறக்கவில்லை, பயணிகள் கத்துகிறார்கள், அண்ணன் ஹாரனை அடிக்கிறார், பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடந்து வருகிறார், தம்பி ஒன்றும் பேசாமல் கேட் சக்கரத்தின் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து சுற்றுகிறார்கள், கேட் மேலே போகிறது. சொல்லி முடித்தபோது தலைவர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் கைதட்டினார்.

ரசிகப் பெருமக்களே, அப்படி ஒரு முடிவை நான் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்ப எனக்கு நாலு மணிக்கு ரயில். படம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பஸ் வந்து கேட்டில் நின்றது, நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். படம் எப்படி முடிகிறது என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். முடிவு தெரியாது என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். கைதட்டல் ஆசை. நானாக ஒரு முடிவை அள்ளிவிட்டேன். அதோடு நின்றேனா? அந்தப் படத்தை என் அட்டையில் மூன்றாவதாக ஏற்றினேன். நான்கு வருடமாக அந்தப் பொய் இந்தச் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் அவரைப் பார்த்து, 'படம் பார்த்தீங்களா?' என்று கேட்டேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அதிரவே இல்லை.

"தெரியும் சித்தப்பா" என்றாள். "அந்தப் படம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குக் கிடைச்சுது. அப்பாவை உட்காரவெச்சு, கீழே ஓடற எழுத்தை நான் படிச்சேன், நடக்கறதைச் சொன்னேன். கடைசியைக் கேட்டதும் சிரிச்சிட்டார். 'பிரேக் முடிவு வரைக்கும் இருக்கலடீ, ரயிலைப் பிடிக்க ஓடியிருப்பான்'னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஆனா அவன் சொன்ன முடிவுதான் நல்லாயிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே, அவன் அட்டை சுவர்ல இருக்கு'ன்னார்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது எட்டு மாதத்துக்கு முன்னால். அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் சட்டைக் கலர் கேட்டபோது, நீங்கள் சிரித்தபோது, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என்னை ஒரே வார்த்தையில் உட்கார வைத்திருக்க அவரால் முடியும். 'ரயில்வே கேட் படம் எப்படிப்பா முடியுது?' என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை! தன் மானம் போகிற நேரத்தில் என் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் அந்த மனிதர்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"என்கிட்ட கேட்காதீங்க சித்தப்பா. அதை அவர்கிட்ட கேட்டிருக்கணும்" என்றாள். சரிதான். வேறென்ன சொல்வாள்? அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "நிஜமா அந்தப் படம் எப்படிம்மா முடியுது?" என்று கேட்டேன். "அதை நான் சொல்லமாட்டேன். நீங்களே உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, படம் இருந்த வட்டையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

தலைவர் அம்மா அவர்களே! இன்று காலை மன்ற நோட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்து, "இனிமே நீங்கதான் செயலாளர், கூட்டத்தில் அறிவிச்சிடறேன்" என்றீர்கள். அறிவிக்காதீர்கள். இதோ, இரண்டையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். முதல் பக்கத்து விதிப்படி எனக்கு இங்கே நாற்காலியே கிடையாது. என்னை வெளியே அனுப்புவதானால் அனுப்புங்கள், படியிறங்கிப் போகிறேன். ஆனால் அவர் அட்டையை வெளியே நிறுத்தாதீர்கள். 'காதால் கேட்ட படம் எப்படி ஏறும், இல்லாத முடிவு எப்படி ஏறும்' என்று யாராவது விதியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்றால், அந்த விதியை எழுதியவரே தெரிந்துதான் மீறியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தலைவர் அம்மா தலையை அசைக்கிறார். சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் அட்டையை எடுக்கிறேன். தையற்காரரே, கொஞ்சம் பிடியுங்கள். அவர் ஆணியில் அவர் அட்டை. இதோ. கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா? நேராக இருக்கிறதா? இருக்கட்டும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட உரையை முடிக்க வேண்டும். எந்தப் பணியை? ஞாயிறு பத்து மணிக்குக் கதவைச் சாத்துவதையா? அதையும் செய்வோம். நீங்கள் அனுமதித்தால், ஒன்பதரைக்கு வந்து முப்பத்திரண்டு நாற்காலியை நான் போடுகிறேன். கீழே இருக்கும் லிஃப்ட்டுக்கு ஆள் பார்ப்போம். ஆனால் இன்னொன்றுக்கும் நாம் எல்லோரும் உறுதி சொல்ல வேண்டும். இனிமேல் இந்த அறையில் ஒருவர் ஒரு காட்சியைத் தப்பாகச் சொன்னால், 'படம் பார்த்தீங்களா?' என்று கேட்பதற்கு முன்னால், 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்போம். படியேறும்போது தோளில் கைபோட்டால், எதற்கு என்று கேட்போம். அவர் அளவுக்கு நமக்குக் காது கிடையாது. வாயைத் திறந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது வழக்கப்படி அவருடைய முதல் படத்தைத் திரையிடப்போகிறோம். கீழே எழுத்து ஓடும் படம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த நாற்காலியில் நான் உட்காரப்போகிறேன். திரையில் தெரிவதை, தெரிவதை மட்டும், தணிந்த குரலில் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சட்டைக் கலரிலிருந்து சொல்வேன். ரயில் போன பிறகும் எழுந்திருக்கமாட்டேன். அந்தப் பன்னிரண்டு நிமிடம் எப்படி இருந்தாலும், இருப்பதை இருக்கிறபடியே சொல்வேன்.

உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும், தெரியும். இன்றைக்கு ஒருநாள் மட்டும் யாரும் என்னை 'உஷ்' என்று அதட்டாதீர்கள்.

கதவைச் சாத்துங்கள். விளக்கை அணையுங்கள்.